அது என் தோல் இல்லை

1

போன மாதம் மன்னார்குடியிலிருந்து என் தங்கை மகன் ஒரு பத்திரிகைத் துண்டைத் தபாலில் அனுப்பியிருந்தான். "மாமா, நீங்க வேலை பார்க்கிற மாதிரி இடத்தைப் பத்தித்தான் போட்டிருக்காங்க, படிங்க" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அதில் இருந்தது இதுதான். மனித உடம்பிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்க்கிற நல்ல உயிரணுக்கள் என்றென்றைக்கும் வளர்வதில்லையாம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இத்தனை தடவை என்று ஒரு அளவு முடிந்ததும் கிழடாகி நின்றுவிடுமாம். புற்றுக்கட்டியின் உயிரணுவுக்கு மட்டும் அந்த அளவே கிடையாதாம். அது நிற்காமல் பெருகிக்கொண்டே போகுமாம். இதைச் சில வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்களாம்.

கண்டுபிடித்தவர்கள் நன்றாக இருக்கட்டும். எனக்கு அவர்கள் மேல் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நம் ஊர் ஜனங்களே, ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சங்கதி சிங்கப்பூரில் ஒரு கழுவுதொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்த ஒருவனுக்கு அதற்கு முன்பே தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். தெரிந்ததை வாய் திறந்து சொன்னான். சொன்னதற்கு அவனுக்குக் கிடைத்தது சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி.

அவன் நான்தான். கோவிந்தன்.

வருகிற மாதக் கடைசியோடு எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. சர்க்கார் வேலை முடிந்தது என்று புத்தகத்தை மூடி, நாடா போட்டுக் கட்டி, அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் திறக்கமாட்டார்கள். முதல் வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? "கவனக்குறைவாகப் பாட்டில் கழுவி ஆராய்ச்சியைப் பாழாக்கியவர்." என் பேருக்கு நேரே. மூடுவதற்குள் அந்த வரிக்கு ஒரு வழி செய்யாவிட்டால் நான் செத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா சலவைக்காரர். அதை மறைக்கிற ஆள் நானில்லை. ஊரில் பெரிய வீடுகளில் கொல்லை வாசலில் நின்றுதான் அழுக்கு மூட்டையை வாங்குவார். அந்த வாசல் எனக்கு வேண்டாம் என்று பதினாறு வயதில் கப்பலேறினேன். இன்றைக்கு வரைக்கும் அந்த ஊரை நினைத்து ஒரு நாள் கண் கலங்கியது கிடையாது.

இங்கே வந்து எதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தின் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். கப்பல்காரர்களுடைய வெள்ளை உடுப்பு மலை மாதிரி வரும். ஒன்று மாறாமல் திருப்பிக் கொடுத்தவன் நான். ஜப்பான்காரன் காலத்தையும் தாண்டினேன். அப்புறம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். அதன் பேர் வேண்டாம், சர்க்கார் இடம். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒரு பாட்டிலைக் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள். நான் கழுவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மற்ற ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடி கழுவுவது என்றால் வீட்டில் டம்ளர் கழுவுகிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு ராத்திரி முழுக்க ஆசிட்டில் ஊற வேண்டும். அந்த ஆசிட் ஒரு சொட்டுப் பட்டால் வேட்டி ஓட்டையாகும், தோல் வெந்துபோகும். பிறகு குழாய்த் தண்ணீரில் பன்னிரண்டு தடவை அலசல், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஆறு தடவை. பிறகு அடுப்பில் சூடு. பாட்டிலுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருந்தாலும் செல்லுக்கு அது விஷம். பத்திரிகையில் உயிரணு என்று போடுகிறார்கள். எங்கள் இடத்தில் செல் என்றுதான் சொல்வோம்.

இப்போதும் வீட்டில் நான் ஒரு டம்ளரை எடுத்தால் என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். "பன்னிரண்டு தடவை அலசிட்டுத்தான் தண்ணி குடிப்பீங்களா? பஃபலோ ரோட்டுல குழாயடியில எனக்குப் பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க தெரியுமா?" என்பாள். நிற்கட்டும்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. அதில்தான் கதையே இருக்கிறது. சலவைக்காரன் துணிக்குக் குறி போடாமல் தொடமாட்டான். இந்த வீட்டுக்கு ஒரு புள்ளி ஒரு கோடு, அந்த வீட்டுக்கு இரண்டு கோடு என்று சேங்கொட்டை மையால் ஓரத்தில் போடுவது. எவ்வளவு வெள்ளாவி வைத்தாலும் அது போகாது. எங்கள் தொழிலில் துணி கிழிந்தால்கூட மன்னிப்பார்கள். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனால் மன்னிப்பே கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்திலும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆசிட்டில் மை நிற்காது. அதனால் ஒரு அரத்துண்டால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் கடுகளவுக்கு ஒரு கீறல் குறி போட்டேன். எந்தப் பாட்டில் எத்தனை தடவை என் கைக்கு வந்தது, அதற்குள் என்ன கிடந்தது என்று ஒரு பழைய நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. என் கை வழியாகப் போவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3

அந்தப் பாட்டில்களுக்குள் இரண்டு வகைச் செல் வளர்ந்தது.

ஒன்று, அமெரிக்காவில் எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் புற்றுக்கட்டி. அவள் போய்விட்டாள், கட்டி போகவில்லை. குழாயில் அடைத்து விமானத்தில் ஊர் ஊராக அனுப்பி உலகமெல்லாம் வளர்த்தார்கள். அந்தப் பாட்டிலில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருக்கும். இன்னொன்று, சாதாரண மனிதத் தோல். அதற்கு நீலப் பென்சில். நல்ல செல் நிரந்தரமாக வளர்ந்தால் அதில் வைரஸை வளர்த்துத் தடுப்பு மருந்து செய்யலாம் என்பது எங்கள் பெரிய துரையின் ஆசை.

தோலுக்கு எங்கே போவது? துரை தன் கையிலிருந்து ஒரு துணுக்கு வெட்டிக்கொண்டார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். மிஸ் லிம் என்று ஒரு சீனப் பெண், செல்லைப் பார்த்துக்கொள்கிற உதவியாளர், அவளும் கொடுத்தாள். மூன்றாவதாக நான் சட்டைக் கையை மடித்தேன். "என்னோடதையும் எடுங்க." அரிசியளவு துணுக்கு. வடு இன்னும் இருக்கிறது.

மிஸ் லிம்முக்கும் எனக்கும் பேச்சு மலாயில்தான். ஒரு நாள் அவள் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் என் தோலைக் காட்டினாள். அடடா! நாற்று வயலில் காற்று அடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அந்த மாதிரி நீளநீளமாக, வரிசை வரிசையாக. அப்புறம் சிவப்புப் பென்சில் பாட்டிலைக் காட்டினாள். கூழாங்கல்லை வண்டியிலிருந்து கொட்டின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது.

ஒரு பாட்டில் நிறைந்தால் இரண்டு பாட்டிலாகப் பிரிப்பார்கள். என் தோல் ஆறேழு மாதம் அருமையாக ஓடியது. பெருமைக்குச் சொல்லவில்லை, துரையின் தோலைவிட இரண்டு வாரம் கூடவே ஓடியது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது. ஒரு நாள் மிஸ் லிம் வந்து உதட்டைப் பிதுக்கி, "சூடா மத்தி" என்றாள். செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அது சாகவில்லை. நான் பார்த்தேன். நீளமாக இருந்தது அகலமாகப் பரந்து, நடமாட முடியாத பெரியவர்கள் பாயில் படுத்திருக்கிற மாதிரி கிடந்தது. மாதக்கணக்கில் கிடந்தது. பெருகவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி துணுக்கு எடுத்தார்கள், அதுவும் ஏறக்குறைய அதே காலத்தில் நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே. சிவப்புப் பென்சில் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

4

பழி யார்மேல் விழும்? கழுவுகிறவன்மேல்தான்.

விசாரணை என்று கூப்பிட்டார்கள். துரை ஆங்கிலத்தில் பேச, தலைமைக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ராஜமாணிக்கம் தமிழில் சொல்வார்.

"துரை கேக்கிறார், ஆசிட்டைச் சரியா அலசினியா இல்லையான்னு."

"பன்னிரண்டும் ஆறும் அலசச் சொன்னாங்க. நான் இருபதும் பத்தும் அலசினேன். வடிச்ச தண்ணி ஏன் இவ்வளவு செலவாகுதுன்னு நீங்கதானே எனக்குக் காயிதம் கொடுத்தீங்க, கிராணியாரே?"

நான் இத்தனை சொன்னேன். அவர் துரையிடம் நாலே வார்த்தை சொன்னார்.

"சார், ஒண்ணு கேளுங்க. பாட்டில்ல மிச்சம் இருந்தா முதல் நாளே செல் ஒட்டாம மிதக்கும். நான் வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் மிதந்துச்சாம், மிஸ்ஸைக் கேளுங்க. ஏழு மாசம் வாழ விட்டுட்டு, அதுக்கப்புறமா கொல்லும்? அதுவும் துரை தோல், மிஸ் தோல், என் தோல், எல்லாத்தையும் சொல்லி வச்ச மாதிரி?"

ராஜமாணிக்கம் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை பொறுமையாகச் சிரித்துவிட்டு ஏதோ விளக்கினார்.

"துரை சொல்றார், மேல்நாட்டுல ஒரு மேதை கோழிக்குஞ்சு இதயத்துல ஒரு துணுக்கை முப்பது வருஷத்துக்கு மேல கண்ணாடியில உயிரோட வச்சிருந்தாராம். செல் தானா நிக்காது. கை சுத்தமில்லாட்டித்தான் நிக்கும். புரியுதா?"

என் வாக்கு எடுபடவில்லை, அந்தக் கோழியின் வாக்கு எடுபட்டது! எந்தப் பூமியிலோ எவனோ ஒருவன் வளர்த்த கோழி!

நான் விடவில்லை. ஓடிப்போய் ஆறு பாட்டிலை ஏந்திக்கொண்டு வந்தேன், நோட்டையும் எடுத்துவந்தேன். "இதோ மூணு புள்ளிப் பாட்டில். இதுலதான் என் தோல் நின்னுச்சு. அதைக் கழுவினதும் அடுத்த வாரம் இதே பாட்டில்ல அந்த அமெரிக்கக்காரம்மா கட்டியைப் போட்டாங்க. கட்டி பொங்கி வழியுது. பாட்டில் ஒண்ணு. தண்ணி ஒண்ணு. கழுவின கை ஒண்ணு. நல்லது நிக்குது, கெட்டது நிக்க மாட்டேங்குது. அது அதது குணம், சார். என் கை இல்லை!"

துரை பாட்டிலை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்தார். அவர் பார்த்தது என் நியாயத்தை அல்ல, அடியில் இருந்த கீறலைத்தான்.

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "மாட்டிக்கிட்டியே கோவிந்தா! சர்க்கார் சாமான்ல குறி போட்டிருக்கே. இது என்ன, உங்க அப்பா வெளுக்கிற வேட்டியா?"

சிரித்தார்கள். மிஸ் லிம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ராஜமாணிக்கம் ஒரு தாளை நீட்டினார். "விசாரணைக்கு வந்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு." ஆங்கிலத் தாள். போட்டேன். தமிழில், தெளிவாக, 'மு. கோவிந்தன்' என்று.

இரண்டு வரி சிவப்பு மை. முதல் வரி கவனக்குறைவு. இரண்டாவது, சர்க்கார் கண்ணாடியைக் கீறியது. என்னைக் கழுவுகிற இடத்திலிருந்து எடுத்துக் குரங்குக் கொட்டகைக்குப் போட்டார்கள்.

5

குரங்கு கூண்டு கழுவுவதும் கழுவுவதுதான். செய்தேன். சிங்கப்பூரிலேயே சுத்தமான குரங்குகள் எங்கள் கொட்டகையில்தான் இருந்தன.

என் இடத்துக்குப் புது ஆள் வந்தான். என் கையிலிருந்து நாலாம் தடவையாக எடுத்திருந்த துணுக்கு அவன் கழுவிய பாட்டிலில் வளர்ந்தது. ஏழு மாதம் ஆனது, எட்டு, ஒன்பது. நிற்கவில்லை. ஒரு வருஷம் தாண்டியது. நிற்கவே இல்லை! கொட்டகைக்குத் தீனி கொண்டுவருகிறவன் தினம் வந்து, இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் ஒரு ‘லா’ சேர்த்துச் சொல்வான், "அண்ணே, உங்க தோல் சாகவே மாட்டேங்குதாம் லா. புது ஆளுக்கு துரை கை கொடுத்தாராம்."

இதை மறைக்காமல் எழுத வேண்டும். அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிராங்கூன் ரோட்டில் நடந்து போகும்போது என் கையை நானே பார்த்துக்கொள்வேன். ஒருவேளை நான்தான் கொன்றேனா? என் தோலை நானே? அந்த நாட்களில் வீட்டிலும் பேச்சில்லை. என் மகள் மல்லிகா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு விண்ணப்பப் பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"லேப் ஸ்டாஃப்னு போட்டேன்பா."

"பாட்டில் கழுவறவர்னு போட வேண்டியதுதானே?"

"அப்பா, ப்ளீஸ் லா. இப்ப நீங்க பாட்டில்கூட கழுவலையே."



பிறகு ஒரு நாள் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் தோல் நன்றாக வாழ்வதை எனக்குக் காட்ட வேண்டுமாம். நல்ல மனதோடுதான் கூப்பிட்டாரோ என்னவோ. ராஜமாணிக்கம், புது ஆள், மிஸ் லிம், எல்லோரும் நின்றார்கள். குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன்.

கூழாங்கல்!

வண்டியிலிருந்து கொட்டின கூழாங்கல். நீளமும் இல்லை, வரிசையும் இல்லை, காற்றும் இல்லை. நிமிர்ந்தேன். ஒரு வருஷமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

"இது என் தோல் இல்லை" என்றேன்.

"உன் பேர்தான்யா எழுதியிருக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

"பேரு பாட்டில் மேல இருக்கு. உள்ள இருக்கறது அந்த அமெரிக்கக்காரம்மா கட்டி."

"தோல்ல முகம் தெரியுதோ உனக்கு?"

"சட்டையில முகமா இருக்கு? ஆயிரம் வெள்ளைச் சட்டைக்கு நடுவுல ஒரு சட்டை வீடு மாறிப்போனா நான் எடுத்துக் கொடுப்பேன். துணி மாறிப்போச்சு, கிராணியாரே. துரைகிட்ட சொல்லுங்க. செல்லை எடுத்து விடுற உறிஞ்சுகுழல் ஒண்ணையே ரெண்டு வீட்டுப் பாட்டிலுக்கும் விட்டிருப்பாங்க. கட்டி ஒரு துளி தோலுக்குள்ள வந்திருக்கும். நின்னுபோனது என் தோல். ஓடுறது அது."

ராஜமாணிக்கம் ஆங்கிலத்தில் சொன்னார். துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "சலவை மாறிப்போச்சுன்னு சொல்றான்" என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நான் திரும்பிக் கொட்டகைக்குப் போகும்போது ஒரு தடவை பின்னால் பார்த்தேன். மிஸ் லிம் சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். அடுத்த மாதம் அவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள்.

6

அதன் பிறகு இந்த ஊரில் என்னென்னவோ மாறியது. கொடி மாறியது, துரை கப்பலேறினார், பள்ளிக்கூடப் பாட்டு மாறியது. என் இரண்டு வரி மட்டும் மாறவில்லை.

பத்திரிகைத் துண்டு வந்த மறு வாரம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். ஆங்கிலக் காகிதம் படிக்க மல்லிகாவைக் கூட்டிக்கொண்டேன். இனிமேல் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருந்தேன். அவள் இப்போது பெரிய வகுப்பு. வர மனமில்லாமல்தான் வந்தாள்.

முதல் ஜன்னலில் மனு எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டாவது ஜன்னலில் மனுவுக்கு ஒரு பாரம் உண்டு என்றார்கள். மூன்றாவது ஜன்னலில் ஒரு சின்னக் கிராணி, நம் பையன், "அங்கிள், இது பழைய ஃபைல் லா. எழுதின ஆபீசர்தான் அடிக்க முடியும். அவர் இங்கிலாந்து போயிட்டார்" என்றான்.

"அப்ப நான் இங்கிலாந்து போகணுமா?"

"இல்ல அங்கிள், ரூல் சொல்றேன்."

ஆனாலும் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். அதோடு தைத்திருந்த ஒரு தாளை மல்லிகா படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல நீங்களே ஒப்புக்கிட்டிருக்கீங்க."

"என்னத்தை?"

"பாட்டில் சரியா கழுவலை, அதுக்கு வருத்தப்படுறேன்னு. கீழ உங்க கையெழுத்து."

விசாரணைக்கு வந்தேன் என்று போட்ட கையெழுத்து! அந்த ஆபீசில் என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளறையிலிருந்து ராஜமாணிக்கமே எழுந்து வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு.

"கத்தாதே கோவிந்தா. ஒப்புக்கிட்டா கொட்டகைக்கு மாத்துறதோட விடுறேன்னு துரை சொன்னார். இல்லாட்டி அன்னைக்கே உன்னை வெளிய அனுப்பியிருப்பார். உனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருந்துச்சு. அதனாலதான் அப்படி எழுதினேன்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ போட்டிருக்க மாட்டே."

"போட்டிருக்க மாட்டேன். அதான் கேக்கணும்."

 அந்தச் சத்தத்தில்தான் மாடியிலிருந்து டாக்டர் லிம் இறங்கி வந்தாள். ஆமாம், பழைய மிஸ் லிம். திரும்பி வந்து இரண்டு வருஷமாக அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. பத்திரிகைத் துண்டை நீட்டினேன். தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். மல்லிகா ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு டாக்டர் என்னிடம் மலாயில் பேசினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நல்ல செல் பிரிகிறதற்கு ஒரு அளவு இருப்பது உண்மைதானாம். பிறக்காத பிள்ளையிடம் எடுத்தது ஐம்பது தடவைபோலப் பிரியுமாம், வயது வந்தவனுடையது அதைவிடக் குறைவாம். எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும் அந்த அளவில் நின்றுவிடுமாம். நம் செல் அப்படி நிற்பதே புற்றுக்கு ஒரு தடுப்பாக இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்படுகிறார்களாம், இன்னும் நிச்சயமில்லையாம். நிற்க மறந்ததுதான் கட்டி. அந்தக் கோழியைக்கூட இப்போது யாரும் நம்புவதில்லையாம். அதற்கு ஊட்டிய சாற்றோடு புதுச் செல் கலந்து போயிருக்கும் என்கிறார்களாம்.

"என் பேர் போட்ட பாட்டில்?"

"எண்ணிப் பார்த்தேன். மனிதச் செல்லுக்குள் குரோமோசோம் என்று நாற்பத்தாறு நூல் இருக்க வேண்டும். அதில் எழுபதுக்கு மேல். உன் தோல் அதில் ஒரு துளிகூட இல்லை. எல்லாம் அவளுடையது."

"எப்ப எண்ணினே?"

"வந்த வருஷமே."

"ரெண்டு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"மாலு" என்றாள். மலாயில் வெட்கம். "அன்றைக்கு நானும் அங்கே நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த உறிஞ்சுகுழலும் என் கையில் இருந்ததுதான்."

கோபம் என்றால் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒரு பக்கம் கையெழுத்தைத் திருடினவர், இன்னொரு பக்கம் உண்மையைப் பூட்டி வைத்தவள். படித்தவர்கள்! இரண்டு பேரும் எனக்கு நல்லது நினைத்தவர்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. குரங்குகூடத் திருடினால் நம் கண் முன்னால்தான் திருடும்.

7

பழைய வரியை அடிக்க டாக்டர் லிம்முக்கும் அதிகாரம் இல்லை. கீழே ஒரு வரி சேர்க்கலாம், அதற்கு நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் அவள் சரி என்று கையெழுத்திட்டு முத்திரை வைப்பாள். உன் விருப்பப்படி சொல்லு, மகள் ஆங்கிலத்தில் எழுதட்டும் என்றாள்.

மல்லிகா பெஞ்சில் உட்கார்ந்து பாரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் நின்றபடி சொன்னேன்.

"பாட்டில் சுத்தமாக இருந்தது. தோல் நின்றது தோலின் இயல்பு. நிற்காமல் ஓடியது என்னுடையது அல்ல. இதை நான் அப்போதே சொன்னேன்."

எழுதி முடித்துப் பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"படி" என்றேன். "தமிழ்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"அப்பா..."

"ஒரு தடவை படிக்காம போட்டு ஏழெட்டு வருஷம் குரங்கு கழுவினேன். படி."

எழுந்து நின்றாள். அவளுக்கு இப்போதெல்லாம் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வருகிறது. ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து, வார்த்தை தேடித் தேடிப் படித்தாள். மூன்று ஜன்னல் ஆட்களும் கேட்டார்கள். ராஜமாணிக்கம் கதவருகில் நின்று கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், பாரத்தின் மேல் பாகத்துக்குப் போனாள்.

"பெயர், மு. கோவிந்தன். தொழில்..."

அந்தக் கட்டத்தை நிரப்ப நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"பாட்டில் கழுவுபவர்" என்று படித்தாள். சத்தமாகத்தான் படித்தாள்.

கையெழுத்துப் போட்டேன். டாக்டர் லிம் கீழே போட்டாள், முத்திரை விழுந்தது. சின்னக் கிராணிக்கு எங்கள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது போல. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ரெண்டாவது வரி ஒண்ணு இருக்கே, பாட்டிலைக் கீறினீங்கன்னு. டாக்டர் இருக்கும்போதே அதுக்கும் ஒரு பாரம் போட்டுடலாமா?" என்றான்.

"அதைத் தொடாதே தம்பி" என்றேன். "அது நான் செஞ்சதுதான்."